முப்பத்திரண்டு

ஹைமாவிலிருந்து தெற்கே தொண்ணூறு கிலோமீட்டர்.
கோபுரம் ஒன்று, எண்ணெய்க் கிணறுகள் ஒன்பது.
கோபுரத்துக்கு எல்லார் குரலும் கேட்கும்.
கிணற்றுக்குக் கிணறு கேட்காது.
நடுவில் மணல்மேடு,
மேடில்லாத இடத்தில் பூமியே வளைந்துகொள்கிறது.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன்
ஒன்பதையும் ஒரே தெருவில் குடிவைத்துவிட்டுப் போயிருந்தான்.
ஒரே எண்வரிசை, ஒரே மாஸ்க்.
ஏழாம் கிணற்று ரௌட்டர் நம்பியது
நாலாம் கிணறு பக்கத்து வீடென்று.
வாசலில் நின்று கூப்பிட்டது:
பத்து, நாற்பது, ஆறு, நாலு, யாரப்பா அது?
பதினோரு நாள் கூப்பிட்டது.
நாலுக்கு அப்படியொரு சத்தமே எட்டவில்லை.

அந்தப் பதினோரு நாளும்
ஏழில் மாரிச்செல்வமும் நாலில் எபனேசரும்
மேசைத் தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள்.
அலைபேசிக்கு அங்கே ஒரு கோடுகூடக் கிடையாது.
தண்ணீர் லாரி குல் நவாஸ்தான் சீட்டுக் கொண்டுபோனான்.
ஏழிலிருந்து நேராக நாலுக்குப் பாதை இல்லை,
கேம்ப்புக்கு வந்துதான் திரும்ப வேண்டும்
என்பது அவன் டயருக்குத் தெரியும்.
ரௌட்டருக்குத் தெரியவில்லை.

மாற்றியது ஒரே ஒரு வரி.
இது தெரு இல்லை, ஒன்றிலிருந்து பல என்று
ஒவ்வொரு பெட்டிக்கும் சொன்னேன்.
தெருப் பெயரை இனி யாரும் சொல்லாதீர்கள்,
அவரவர் தன்னை மட்டும் சொல்லுங்கள்.

சொல்லத் தொடங்கின.
திரையில் ஒவ்வொன்றாக ஏறியது, வால் முழுக்க முப்பத்திரண்டு.
முப்பத்திரண்டு பிட்டும் ஒருவனுக்கே, பங்காளி கிடையாது.
எங்கள் கேபினில் கட்டிலுக்கே
பகலுக்கு ஓர் ஆள், ராத்திரிக்கு ஓர் ஆள்.

நாலுக்குப் போகணுமா, கோபுரத்திடம் கொடு.
கோபுரம் திருப்பிவிடும்.
இரண்டு வரி பொருந்தினால்
இன்னும் துல்லியமாகச் சொன்ன வரியே ஜெயிக்கும்.

(கோபுரத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போகும் தொடுப்பு வேறு ரகம்.
இரண்டே முனை.
கம்பியில் போட்டால் போய்ச் சேர ஒருவன்தான் உண்டு,
அதனால் கூவல் இல்லை.
கைகுலுக்கியதும் எதிராளியின் முகவரியை
முழுசாக எழுதிக்கொள்ளும்.
கை நழுவினால் அழித்துவிடும்.
அதற்குக் கோபமெல்லாம் இல்லை.)

ஹுமைத் அல் ஹர்சூசி
பேரீச்சங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
திரையை விரலால் எண்ணினான்.
எட்டுதானே இருக்கிறது?

ஆறு இல்லை.

போய்ப் பார்த்தோம்.
ஆளில்லாக் கிணறு. பேட்டரி உப்பி வெடித்து
பெட்டிக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது.
எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது.
அளவுமானி கடைசியாகச் சொன்ன எண்ணையே
மஸ்கட் இன்னும் படித்துக்கொண்டிருந்தது.
தெருவின் பெயர் பலகையில் இருந்தவரை
எல்லா வீட்டிலும் விளக்கு எரிவதாகத்தான் கணக்கு.

ராத்திரி தலைமை அலுவலகத்திலிருந்து மெயில்:
ஒன்பது வரி எதற்கு? ஒன்றாகச் சுருக்கவும்.

சுருக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.
எட்டு செத்து ஒன்று மிஞ்சினாலும்
அந்த வரி அசையாது.
நாளைக்குச் செய்கிறேன் என்று பதில் போட்டேன்.
மாதம் மூன்றாகிறது.

தொலைபேசி உயிர் வந்த அன்று
நான் ஏழில் இருந்தேன், சோதிக்க.
பதினோரு நாள் பேசாதவர்கள்
என்ன பேசுவார்களோ என்று காது கொடுத்தேன்.

எபனேசரு, தக்காளி இருக்கா?

ரெண்டு இருக்கு. ஒண்ணு லேசா அமுங்கிப்போச்சு.

அமுங்குனதையும் குடுத்துவுடு.

மறுநாள் குல் நவாஸ் கொண்டுவந்தான்,
முப்பத்திரண்டு பல்லும் தெரிய,
அவனுக்கு முப்பதுதான்.
நாலிலிருந்து கேம்ப், கேம்ப்பிலிருந்து ஏழு.
டாஷ்போர்டில், வெயில் படாமல், துண்டுக்குள் சுற்றி,
மேலே பேனாவால் மாரிச்செல்வம் என்று எழுதி.